சங்கத்துக்கு டொமைன் எடுக்கும்போது யார் பெயர், எந்த விலாசம்?

டீச்சர், இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவைப் பக்கம் நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுக்கிறீர்கள். உயர்தரம் படிக்கும் சில பிள்ளைகளுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகையும் போகிறது. இணையத்தளம் ஒன்று இருந்தால் பணம் சேர்க்க வசதி என்று கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், பதியப் போனால் படிவம் உங்கள் பெயர், வீட்டு விலாசம், கைபேசி இலக்கம் எல்லாம் கேட்கிறது. இதெல்லாம் ஊர் உலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்கி நிற்கிறீர்கள். குழுவில் ஒருவர் பொய் விலாசம் போடலாம் என்கிறார். இன்னொருவர் கனடாவில் இருக்கும் தன் அண்ணன் பெயரில் எடுக்கலாம் என்கிறார். இதற்கிடையில் உங்கள் தோழி ஒருவர் தன் பெயரிலும் வீட்டு விலாசத்திலும் ஒரு டொமைனை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார். அதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொய் விலாசமும் வேண்டாம், அண்ணன் பெயரும் வேண்டாம். டொமைனைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்திடம் உண்மையான விபரத்தையே கொடுங்கள். அது பொதுவில் தெரியாமல் இருக்க வழி இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாகவே. சங்கத்தின் பெயரை மட்டும் மறைக்காதீர்கள். டொமைனின் உரிமையும் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் ஐவரின் வீடும் தொலைபேசியும் மறைந்திருக்க வேண்டும். சங்கம் யாரும் பார்க்கக்கூடியபடி வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்கும் வழிதான்.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. கொழும்பில் ஒரு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் வெளியே தெரிந்தால் ஆயிரம் கதவுகளில் ஒரு கதவு தெரிந்தது, அவ்வளவுதான். தோட்டத்தில் அப்படி இல்லை. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, ஆளின் பெயர், இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். பஸ்ஸை விட்டு இறங்கி முதல் கடையில் விசாரித்தால் லயத்து வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அதோடு, லயத்து வீடுகள் பலவற்றுக்கு இன்றும் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்குப் போகிறது. ஆகவே தோட்ட விலாசத்தைக் கொடுத்தால் சங்கத்துக்கு வரும் கடிதம் முதலில் துரையின் ஆபீசுக்குத்தான் போகும். ஒரு நாள் உங்கள் சங்கம் தோட்டத்துக் குடிதண்ணீரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ பேச வேண்டி வரலாம். அன்றைக்கு உங்கள் தபால் யார் கையால் வருகிறது என்பது முக்கியமாகிவிடும்.

முன்பு நிலைமை உண்மையாகவே மோசமாக இருந்தது. ஹூஇஸ் என்ற பொதுப் பதிவேடு 1982 முதல் இருக்கிறது. இணையம் ஒரு சில பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிலையங்கள், அமெரிக்க இராணுவம் என்ற வட்டத்துக்குள் அடங்கியிருந்த காலத்தில் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள ஏற்பட்டது அது. பிற்பாடு உலகமே உள்ளே வந்த பிறகும் அதே முறை தொடர்ந்தது. டொமைன் எடுத்தவரின் பெயர், வீதி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். 2018 மே 25ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இது மாறியது. டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பும் அதே நாளில் தன் விதியை மாற்றியது. அன்றிலிருந்து டாட் காம், டாட் ஆர்க், டாட் நெட் போன்றவற்றில் பெயர், வீதி, ஊர், தபால் குறியீடு, தொலைபேசி ஆகியவற்றை மறைக்கலாம். நாடும் மாகாணமும், எழுதியிருந்தால் சில வேளை நிறுவனத்தின் பெயரும் மட்டும் தெரியும். உங்கள் விடயத்தில் இடம் ‘இலங்கை, மத்திய மாகாணம்’ என்று மட்டும் வரும். 2025 ஜனவரி 28 முதல் இந்த வகை டொமைன்களுக்கு ஹூஇஸ் சேவை கட்டாயம் இல்லை. ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களின் விபரத்தை மறைப்பது கட்டாயம். இலங்கை விலாசத்தோடு வருகிறவரின் விபரத்தை மறைப்பதா இல்லையா என்பதை விதி பதிவு நிறுவனத்திடமே விட்டிருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் எல்லாருக்கும் மறைக்கின்றன. சில நிறுவனங்கள் அதையே தனிச் சேவை என்று காட்டி வருடாவருடம் காசு கேட்கின்றன. ஆகவே காசு கட்டும் முன் சோதித்துப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் ஊடாக இலங்கையில் யாராவது எடுத்த ஒரு டாட் ஆர்க் பெயரை ஐகானின் தேடுபக்கத்தில் போட்டுத் தேடுங்கள். பெயரும் தெருவும் மறைந்திருந்தால் அந்த நிறுவனத்திடம் போகலாம். யாரோ ஒருவரின் கைபேசி இலக்கம் அங்கே அப்படியே கிடந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். ‘முதலில் பதிந்துவிட்டு நாளைக்கு மறைத்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். பதிவேட்டை நாள்தோறும் பிரதியெடுத்துச் சேர்த்து வைத்து விற்பதையே தொழிலாகச் செய்யும் கம்பனிகள் இருக்கின்றன. ஒரு நாள் திறந்து கிடந்த விலாசம் அவர்களுடைய பழைய பக்கத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இனிப் படிவத்துக்கு வருவோம். அதில் நிறுவனத்தின் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை வெறுமையாக விட்டுவிட்டுத் தங்கள் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் டொமைன் உங்கள் தனிச் சொத்தாகப் பதிவாகும். அந்தக் கட்டத்தில் சங்கத்தின் பெயர் இருந்தால் உரிமை சங்கத்துக்கு. ஆளின் பெயர் தொடர்புக்கு மட்டும். ஐந்து பேரில் ஒருவர் திருமணமாகி வெளியூர் போனாலும், இடமாற்றம் கிடைத்து வெலிமடைக்குப் போனாலும், குழுவுக்குள் மனஸ்தாபமே வந்தாலும், பெயர் சங்கத்தை விட்டுப் போகாது. இந்தக் கட்டத்தில் எழுதுவது பொதுவில் தெரியலாம்; அது தெரிவது நல்லதே. உங்கள் சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருந்தால் அந்தச் சான்றிதழில் ஆங்கிலத்தில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதுங்கள். இன்னும் பதியவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். டொமைன் இரண்டு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை.

அடுத்தது ஆளின் பெயர். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் ஆட்கள் ‘எம். செல்வி’ என்று முதலெழுத்தோடு முடித்துவிடுவார்கள். இன்னொரு தொல்லையும் மலையகத்தில் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பாடசாலைப் பதிவில் மூன்றாவது ஒன்று. டொமைன் கணக்கின் கடவுச்சொல் தொலைந்து நீங்கள்தான் உரியவர் என்று நிரூபிக்க வேண்டி வந்தால் நிறுவனம் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்கும். பெயர் பொருந்தாவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும். ஆகவே அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், முதலெழுத்தின் விரிவையும் சேர்த்து. பொதுவில் எப்படியும் மறைந்துதான் இருக்கப்போகிறது.

அடையாள அட்டைப் பிரதி கேட்டால் யோசித்துக் கொடுங்கள். நமது அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் திகதியும் இருக்கின்றன. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் ஆண்டு; அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய முறையில் ஆண்டு நான்கு எண்ணாக வருகிறது, மற்றது அதே கணக்கு. போதாததற்கு வீட்டு விலாசமும் அட்டையில் இருக்கிறது. பிரதியின் குறுக்கே ‘இன்ன டொமைன் பதிவுக்கு மட்டும்’ என்று எழுதித் திகதி போட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் ஊடாக மட்டும் ஏற்றுங்கள். தளம் செய்து தருகிற தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அதை அனுப்பவே வேண்டாம்.

விலாசத்துக்கு வருவோம். தேவை ஒன்றுதான்: அது உண்மையாக இருக்க வேண்டும், கடிதம் போட்டால் உங்கள் கைக்கு வர வேண்டும். வீடாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எனக்குப் பிடித்த வழி ஹட்டன் போன்ற டவுன் தபால் நிலையத்தில் சங்கத்தின் பெயரில் ஒரு தபால் பெட்டி வாடகைக்கு எடுப்பது. பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் அதை ஏற்கும். தோட்ட ஆபீஸ் இடையில் வராது, ஆள் மாறினாலும் விலாசம் மாறாது, இணையத்தளத்தின் தொடர்புப் பக்கத்திலும் அதையே தைரியமாகப் போடலாம். அது சரிவராவிட்டால், சங்கத்தின் கணக்கைப் பார்க்கும் கணக்காளரிடமோ பழக்கமான சட்டத்தரணியிடமோ அவருடைய ஆபீஸ் விலாசத்தைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோயில், சேர்ச் விலாசம் வேண்டாம் என்பேன். நிர்வாகசபை மாறும்போது அங்கே யார் கடிதத்தை வாங்குவார் என்று சொல்ல முடியாது. பாடசாலை விலாசமும் கூடாது. அது அரச நிறுவனம். நாளைக்கு வலயக் கல்விப் பணிமனையில் இருந்து யாராவது விளக்கம் கேட்டால் அதிபர்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

தொலைபேசிக்கு சங்கத்துக்கென்று தனியாக ஒரு சிம் எடுங்கள். அந்தச் சிம்மில் உள்ள வாட்ஸ்அப்பில் யாருடைய முகமும் வேண்டாம், சங்கத்தின் சின்னத்தைப் போடுங்கள். உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுத்துவிட்டு ‘அதுதான் மறைந்திருக்கிறதே’ என்று இருப்பது நல்லதில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்த சம்பவங்கள் உலகத்தில் எத்தனையோ. விபரம் திறந்து கிடக்கும் ஒரு புதிய டொமைன் பதிவானால், ‘உங்கள் தளத்தை நாங்கள் வடிவமைத்துத் தருகிறோம்’ என்று வெளிநாட்டு இலக்கங்களில் இருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பிறகு, ‘உங்கள் டொமைன் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்’ என்று பில் மாதிரி அச்சடித்த போலிக் கடிதமும் வரும். பொருளாளர் விபரம் தெரியாதவராக இருந்தால் கட்டியும் விடுவார். டொமைன் சம்பந்தமான பணம் எதுவும் நீங்களே நிறுவனத்தின் தளத்துக்குள் போய்க் கட்டுவதாக மட்டும் இருக்கட்டும் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

மின்னஞ்சலில்தான் பல சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் யாருடைய கையில் இருக்கிறதோ, டொமைன் அவருடைய கையில் இருக்கிறது. அதனால் சங்கத்துக்கென்று தனி ஜிமெயில் ஒன்று தொடங்குங்கள். டொமைனின் பெயரிலேயே முடியும் மின்னஞ்சலை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லி வரும் எச்சரிக்கையும் கிடைக்காது. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பூட்டு போட்டு, அது தரும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து, ஒரு பிரதியைச் செயலாளரும் ஒரு பிரதியைப் பொருளாளரும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு வைத்திருங்கள். பதிந்த உடனே, மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு சுட்டி வரும். 15 நாட்களுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனை முடக்க வேண்டும் என்பது ஐகானின் விதி. தளம் நேற்று இருந்தது இன்றைக்கு இல்லை என்று கலங்கி வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கும்.

விலை கொடுத்து வாங்கும் மறைப்புச் சேவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இரண்டு வகை இருக்கிறது, வித்தியாசம் பெரிது. முதல் வகையில் உரிமையாளர் நீங்களேதான். தொடர்பு விபரம் மட்டும் அவர்களுடையதாகத் தெரியும். இரண்டாவது வகையில் பதிவேட்டில் உரிமையாளரே அந்தச் சேவைக் கம்பனிதான். உங்களுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி தந்திருப்பதாகக் கணக்கு. தனி ஆள் வைத்திருக்கும் ஒரு வலைப்பக்கத்துக்கு இரண்டாவது வகை சில நேரம் பொருந்தலாம். மற்றவர் பணத்தில் நடக்கும் சங்கத்துக்கு அது வேண்டாம். கம்பனியோடு பிணக்கு வந்தாலோ கம்பனி மூடப்பட்டாலோ சங்கம் தன் பெயரைத் தானே நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். பதிவு நிறுவனம் இலவசமாகவே விபரத்தை மறைக்கிறது என்றால் இந்த இரண்டுமே தேவையில்லை. அந்தக் காசுக்கு நாலு கொப்பி வாங்கலாம்.

பொய் விலாசம் போடச் சொன்ன நண்பரிடம் இதைக் காட்டுங்கள். வேண்டுமென்றே தவறான விபரம் கொடுப்பதும், விபரத்தின் உண்மை பற்றி நிறுவனம் கேட்டால் 15 நாட்களுக்குள் பதில் சொல்லாமல் இருப்பதும் டொமைனை முடக்கவோ ரத்துச்செய்யவோ போதுமான காரணங்கள். யாரும் முறைப்பாடு செய்யலாம். உங்கள் மேல் கோபமாக இருக்கும் ஒருவருக்கு இதைவிட இலகுவான ஆயுதம் கிடைக்காது. உண்மையான விபரமே மறைந்திருக்கும்போது பொய் எதற்கு?

கனடா அண்ணன் விடயம் கொஞ்சம் நுட்பமானது. அவர் நல்ல மனதோடுதான் முன்வருகிறார். கார்ட்டில் பணம் கட்ட அங்கே இலகு என்பதும் உண்மை. பணத்தை அவர் கட்டட்டும்; பணம் கட்டுகிறவரின் பெயர் பதிவேட்டில் வராது. ஆனால் கணக்கும் உரிமையும் சங்கத்தின் பெயரில் இங்கே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எடுத்துத் தந்த டொமைன், அவர் வேலை மாறி, பழைய மின்னஞ்சலை விட்டு, கார்ட் காலாவதியாகி, புதுப்பிக்காமல் போவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதை. சண்டையே இல்லாமல் நடக்கும் இழப்பு அது. டாட் காம், டாட் ஆர்க் போன்றவை காலாவதியானால் சில வாரம் சாதாரண விலையில் மீட்க வாய்ப்பு உண்டு. அது கடந்து, நீக்கப்பட்ட பிறகு இன்னும் 30 நாள், மேலதிகக் கட்டணத்தோடு. அதற்குப் பிறகு யாரும் எடுக்கலாம். பழைய அறப்பணித் தளங்களின் பெயரைத் தேடி எடுத்துச் சூதாட்டப் பக்கம் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்த சுட்டி அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும்? ஒரே தடவையில் 10 வருடம் வரை பதியலாம். அண்ணனால் முடிந்தால் ஐந்து வருடத்துக்குக் கட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லி யாராவது டாட் யூஎஸ் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே 2005 முதல் மறைப்புச் சேவைக்கு அனுமதி கிடையாது. நாட்டுக் குறியீட்டில் முடியும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் அந்தந்த நாட்டு விதிதான். ஐகானின் விதி அப்படியே பொருந்தாது. நமது டாட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் பதிவகம் நடத்துகிறது. 2010 முதல் தமிழிலேயே டாட் இலங்கை என்று முடியும் பெயரும் இருக்கிறது. எல்கேக்கு முன்னால் ஆர்க், என்ஜிஓ, சொக் என்று சங்கங்களுக்கான பிரிவுகளும் உண்டு. உள்ளூரில் மரியாதை கூடியது அது. எடுக்க விரும்பினால், பதிவேட்டில் எந்தெந்த விபரம் வெளியே தெரியும் என்று பணம் கட்டும் முன் அவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். கனடாக்காரர்களுக்காகத்தான் தளம் என்றால் டாட் ஆர்க் போதும். ஆனால் டாட் ஆர்க் என்று முடிவதாலேயே நம்பிக்கை வந்துவிடாது. அதை யாரும் எடுக்கலாம், லாபத்துக்கு நடத்துகிறவர்களும் எடுக்கலாம்.

பதிவேடு மறைந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. டொமைன் பெயரைத் தளம் இருக்கும் கணினியோடு இணைக்கும் டிஎன்எஸ் என்ற முறையில், ஒவ்வொரு டொமைனுக்கும் எஸ்ஓஏ என்று ஒரு பதிவு இருக்கிறது. அதில் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு இடம் உண்டு, அது யாருக்கும் தெரியும். தளத்துக்கு இடம் தரும் சில ஹோஸ்டிங் கம்பனிகள் கணக்குத் தொடங்கியவரின் மின்னஞ்சலை அங்கே தானாகப் போட்டுவிடும். தளத்துக்கு வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றும் பொதுப் பட்டியலில் பதிவாகிறது. சோதித்துப் பார்ப்பதற்காக டொமைனுக்கு முன்னால் உங்கள் பெயரைப் போட்டு ஒரு துணை டொமைன் செய்தால் அந்தப் பெயர் அங்கே நிலைத்துவிடும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளமென்றால் கட்டுரை எழுதியவரின் உள்நுழைவுப் பெயரை வெளியிலிருந்து பார்க்க முடியும். அதில் உங்கள் முழுப்பெயரையோ மின்னஞ்சலையோ வைக்காதீர்கள். வருடாந்தக் கணக்கறிக்கையைப் பிடிஎஃப் ஆக ஏற்றும்போது அதன் பண்புகளில் கணினிச் சொந்தக்காரரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்றும் முன் அழித்துவிடுங்கள்.

இவ்வளவு நேரமும் உங்கள் ஐவரைப் பற்றியே பேசினோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது பிள்ளைகள். உங்களைப் பற்றி எதை வெளியிடுவது என்று நீங்கள் தீர்மானிக்கலாம். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. உதவி கேட்கும் தளங்களில் இப்படி ஒரு பக்கம் வருவதைப் பார்க்கிறோம்: பிள்ளையின் முகம் தெரியும் படம், முழுப்பெயர், வகுப்பு, பாடசாலை, தோட்டத்தின் பெயர், ‘தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமை, தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை’ என்று இரண்டு வரி. கொடுக்கிறவர் மனம் இளகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அம்மா வெளிநாட்டில், அப்பா கவனிப்பதில்லை, பிள்ளை இந்த லயத்தில், இந்தப் பாடசாலைக்குப் போய் வருகிறது என்று முகத்தோடு சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது யாருக்குப் பயன்படும் என்று யோசியுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை கண்டியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கூகிளில் பெயரைப் போட்டால் முதலில் வருவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளைப் பற்றிய தரவைச் சாதாரணத் தரவாகக் கொள்ளவில்லை. விசேட வகையில் சேர்த்திருக்கிறது.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் பதிந்திருக்கலாம். லயத்து வாசலில் எடுத்த படத்தை அப்படியே தளத்தில் ஏற்றினால், அதை இறக்கிக்கொண்டவர் வரைபடத்தில் அந்த லயத்தின் மேலேயே புள்ளி வைக்கலாம். கமராவின் அமைப்பில் இடப்பதிவை நிறுத்துங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றில் அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். படம் வேண்டுமென்றால் கொப்பிக் கட்டு, சப்பாத்துப் பெட்டி, பின்னால் இருந்து எடுத்த வகுப்பறை போதும். ‘உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர், நுவரெலியா மாவட்டம்’ என்று எழுதினாலும் மனமுள்ளவர் கொடுப்பார். விபரம் கேட்கும் கொடையாளிக்கு, பிள்ளையினதும் பெற்றோரினதும் சம்மதத்தோடு, தனிப்பட்ட முறையில் சொல்லலாம்.

இத்தனையும் மறைத்தால் கொடுக்கிறவர் எதைப் பார்த்து நம்புவார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் சங்கம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். பதிவு இலக்கமும் பதிந்த பிரதேச செயலகமும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். தனி ஆளின் கணக்கு இலக்கத்தைத் தளத்தில் போடவே வேண்டாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, பற்றுச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்று வருடாவருடம் எழுதுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களை அவர்கள் சம்மதித்தால் போடலாம், வீட்டு விலாசமும் சொந்தத் தொலைபேசியும் இல்லாமல். சம்மதிக்காதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டு பெயராவது தெரிந்தால் நல்லது.

கடைசியாக, தோழி ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் டொமைன். முதலில் அவருடைய விபரம் வெளியே தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். தெரிந்தால் இன்றைக்கே மறைப்பை இயக்கச் சொல்லுங்கள். பழைய பிரதிகளில் தங்கியதை இனி எடுக்க முடியாது. ஆனால் இன்றிலிருந்து புதிதாகச் சேராது. அவர் கொடுத்தது சொந்தக் கைபேசி இலக்கம் என்றால், தெரியாத இலக்கங்களில் இருந்து வரும் அழைப்புகளைக் கொஞ்ச நாளைக்கு எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பெயர் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். சங்கத்தின் ஜிமெயிலில் அதே நிறுவனத்தில் புதுக் கணக்குத் திறந்து, டொமைனை அந்தக் கணக்குக்கு நகர்த்தி, உரிமையாளர் கட்டத்தில் சங்கத்தின் பெயரையும் தபால் பெட்டி விலாசத்தையும் போடுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் வரலாம். தோழியும் அந்த நேரம் பக்கத்தில் இருப்பது நல்லது. உரிமையாளர் விபரத்தை மாற்றினால் பல நிறுவனங்கள் 60 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்குப் போக விடாமல் பூட்டி வைக்கும். ஆகவே அந்த நிறுவனமே பிடிக்கவில்லை என்றால் முதலில் நிறுவனத்தை மாற்றிவிட்டு, பிறகு உரிமையை மாற்றுங்கள். மாற்றியதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லி, தோழி சங்கத்துக்கு ஒப்படைத்ததாக அறிக்கைப் புத்தகத்தில் எழுதி அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கட்டிய காசையும் பற்றுச்சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.